மலைக்குடிலில் கேட்ட கோயில் மணி

தெரியாத விஷயத்துக்கெல்லாம் தெரியும் என்று தலையாட்டுவது ஒரு வியாதி. ஜெர்மனியில் வந்து இறங்கிய நாளிலிருந்தே எனக்கு அது இருந்தது. யார் எதைச் சொன்னாலும் ‘யா, யா’ என்பேன். (இப்படித்தான் ஒருமுறை கதவைத் தட்டிய ஒரு மனிதருக்கு ‘யா, யா’ சொல்லப்போய், வருடம் முழுக்க நாய் வளர்ப்பவர்களுக்கான சஞ்சிகை தபாலில் வந்துகொண்டிருந்தது. என்னிடம் நாய் கிடையாது. நாய் என்றால் எனக்குப் பயம்.) இந்த வியாதி முற்றிப்போய், பெண் பார்க்கப் போன இடத்தில் என்னைப் படுத்திய பாட்டை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஹனோவரில் ஒரு பேக்கரியில் வேலை. அகதி மனுப் போட்டுக் காத்திருந்த காலத்தில் மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கே அனுமதி எடுக்க வேண்டும். பக்கத்து ஊரில் இருக்கும் நண்பனைப் பார்ப்பதற்கும் அதே கதைதான். விசா கையில் கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம், நடக்கத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகளெல்லாம் பூட்டு. ஊர் முழுக்கக் குடும்பம் குடும்பமாகக் காற்று வாங்க நடக்கும். நானும் நடந்தேன். யாரும் மறித்து ‘எங்கே போகிறாய்’ என்று கேட்காத நடை அது. அந்தச் சந்தோஷம் அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

ஹனோவர் நகரின் நடுவே தரையில் ஒரு சிவப்புக் கோடு வரைந்து வைத்திருக்கிறார்கள். அதன்மேல் நடந்தால் பார்க்கவேண்டிய கட்டடங்களையெல்லாம் காட்டிவிட்டு, புறப்பட்ட இடத்திலேயே பத்திரமாகக் கொண்டுவந்து விட்டுவிடும். என் நடையெல்லாம் அந்தக் கோட்டின்மேல்தான். மூளைக்கு வேலையே இல்லை, குனிந்த தலை நிமிராமல் போனால் போதும்.

என்னோடு பேக்கரியில் வேலை செய்த பாலா அண்ணை எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கியபோது, “உனக்குப் பொழுதுபோக்கு என்னடாப்பா?” என்று கேட்டார். “நடக்கிறது அண்ணை” என்றேன். பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அது ‘பெடியன் கிழமைக்குக் கிழமை மலை ஏறுவான்’ என்று ஆகியிருந்தது. நான் மறுக்கவில்லை. தொலைபேசியில் பெண்ணின் அம்மா, “தம்பி மலையெல்லாம் ஏறுவியளாமே?” என்று கேட்டபோது, தலையாட்டினேன். தலையாட்டியது தொலைபேசியில் தெரியாது என்பதால் “ஓம்” என்றும் சொல்லிவைத்தேன்.

பெண்ணின் பெயர் வதனி. சின்ன வயதிலேயே ஜெர்மனிக்கு வந்து இங்கேயே படித்தவள். முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு அப்போது பயிற்சியில் இருந்தாள். “பட்டுச்சேலை கட்டித் தேத்தண்ணித் தட்டோடை வந்து நிக்க எனக்கு ஏலாது. அவர் மலை ஏறுறவர் எண்டால் மலையிலை சந்திப்பம்” என்று அவள் சொல்லிவிட்டாளாம். ஹார்ஸ் மலையில் ஒரு குடில்வரை நடந்துபோய், அங்கே மதியம் சாப்பிட்டு, பின்னேர பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு. அன்று வதனியின் அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. ஆகவே அம்மாவும் மகளும் மட்டும் வருவதாகச் சொன்னார்கள்.

இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை ஒன்றில், மலையடிவாரத்து பஸ் நிறுத்தத்தில் நான் கோட், சூட், கழுத்துப்பட்டி, கூர் மூக்குச் சப்பாத்து சகிதம் போய் இறங்கினேன். கையில் ஒரு கேக் பெட்டி. (பெண் பார்க்கப் போகிறவன் வேறு என்னத்தைப் போடுவான்?) வதனி ஜீன்ஸும் மலையேறும் சப்பாத்தும் போட்டிருந்தாள். அவளுடைய அம்மா சேலைக்கு மேலே ஆண்களின் குளிர் ஜாக்கெட் ஒன்றை மாட்டிக்கொண்டு, தோளில் ஒரு பெரிய பையோடு நின்றார். பையில் புட்டும், சம்பலும், ஒரு காஞ்சிபுரம் பட்டும் இருந்தன. குடிலுக்குப் போனதும் மகள் மனம் மாறி அதைக் கட்டிக்கொண்டு எனக்குத் தேநீர் தருவாள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

“வணக்கம் மாமி” என்றேன். (ஒன்றும் முடிவாகவில்லை, அதற்குள் மாமி!) வதனி என் சப்பாத்தைப் பார்த்தாள். பிறகு மலையைப் பார்த்தாள்.  சிரிப்பை அடக்கும்போது அவளுடைய மூக்கு நுனி சுருங்கியது. அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன். இவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று அப்போதே கவலைப்படத் தொடங்கிவிட்டேன்.

வதனி வரைபடத்தை விரித்தாள். மாமி விடவில்லை. “பிள்ளை, அதை மடிச்சு வை. தம்பி தெரிஞ்சவர், அவர் முன்னுக்குப் போகட்டும்.”

தம்பி முன்னுக்குப் போனார். காட்டுக்குள் நுழைந்ததும் முதல் அதிர்ச்சி: தரையில் கோடு இல்லை! எங்கே பார்த்தாலும் இலை. மஞ்சளும் பழுப்புமாகக் கணுக்கால் அளவுக்கு இலை. கால் வைத்த இடமெல்லாம் வழுக்கியது. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் நின்று முழித்தபோது, ஒரு மரத்தில் சிவப்பு மையால் குறி போட்டிருந்தது கண்ணில் பட்டது. சற்றுத் தள்ளி இன்னொரு மரத்திலும் இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. ஜெர்மன்காரன் காட்டுக்குள்ளேயும் சிவப்புக் குறி போட்டு வைத்திருக்கிறானே என்று மனதுக்குள் வாழ்த்தினேன்.

“நீங்கள் எதைப் பாத்துப் போறியள்?” என்று வதனி கேட்டாள்.

“சிவப்புக் குறியைத்தான். அனுபவம் உள்ளவைக்குத் தெரியும்.”

அவள் “ஓ” என்றாள். அந்த ‘ஓ’வின் அர்த்தம் புரிய வெகுநேரம் பிடித்தது. குறிகளைத் தொட்டுத் தொட்டு நாங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் காடு முடிந்திருந்தது. ஒரு வெளி முழுக்க அறுத்துத் தள்ளிய மரங்கள் கிடந்தன. கிடந்த ஒவ்வொன்றிலும் சிவப்புக் குறி.

“இது வெட்டுறதுக்கெண்டு அடையாளம் வைச்ச மரங்கள்” என்றாள் வதனி மெதுவாக.

மாமி ஒரு மரக்குற்றியில் இருந்துவிட்டார். “அப்ப, சாகப்போற மரங்களுக்குப் பின்னாலையோ இவ்வளவு நேரமும் வந்தனாங்கள்?”

 வதனி வரைபடத்தை எடுத்து முன்னே நடந்தாள். நான் பின்னால் நொண்டினேன். கூர் மூக்குச் சப்பாத்துக்குள் விரல்கள் ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டிருந்தன. பனிப்புகார் இறங்கி எல்லாவற்றையும் மூடியது. மதியம் சேரவேண்டிய குடிலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடைசி பஸ் போய்விட்டது.

தாடி வைத்த பொறுப்பாளர் ஒருவர் குடிலில் இருந்தார். கீழே சாப்பாட்டு அறையில் ஏழெட்டு ஜெர்மன்காரர் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். வதனி பேச வாயெடுப்பதற்குள், விட்டதைப் பிடிக்கும் அவசரத்தில் நானே இடம் கேட்டேன். அவர் தலையாட்டினார். “இடம் இருக்காம் மாமி!” என்று பெருமையோடு அறிவித்தேன்.

அவர் எங்களை மரப்படி வழியாக மேலே கூட்டிப்போய்க் கதவைத் திறந்தார். அங்கே கட்டில் இல்லை. அறைகூட இல்லை. கூரைக்குக் கீழே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நீளமாக ஒரே பலகைமேடை. அதன்மேல் நெருக்கி அடுக்கிய மெத்தைகள். கீழே சூப் குடிப்பவர்கள், தாடிக்காரர், மாமி, வதனி, நான், ஆண் பெண் எல்லோரும் ஒரே வரிசையில் படுக்க வேண்டியதுதான். அவர்களுடைய மலைக்குடில் வழக்கமே அப்படித்தானாம். எனக்குக் காது அடைத்துவிட்டது. தாடிக்காரர் கூரையைக் காட்டி, ஓரத்தில் தொங்கிய கயிற்றைக் காட்டி, சுவரில் இருந்த ஒரு படத்தைக் காட்டி என்னவோ முக்கியமாக விளக்கினார். ஒரு சொல்லும் மண்டையில் ஏறவில்லை. ‘யா, யா’ என்றேன். அவர் திருப்தியோடு விறகு எடுக்க வெளியே போய்விட்டார்.

மாமியின் முகம் வெளுத்திருந்தது. “ஐயோ கடவுளே! கலியாணம் பேச வந்த இடத்திலை எல்லாரையும் ஒண்டாப் படுக்கப் போட்டிட்டாங்களே! இதை வெளியிலை ஒரு சனம் அறிஞ்சால் என்ர பிள்ளையின்ரை கதி என்ன?” பிறகு என்னைப் பார்த்தார். “இதுக்குத்தானோ தம்பி மரம் மரமாச் சுத்திக்காட்டி நேரம் போக்காட்டினியள்?”

என் நெஞ்சில் இடி விழுந்தது. “சத்தியமா இல்லை மாமி! நான் வெளியிலை மழைக்குள்ளை படுக்கிறன்” என்றேன். (மழை பெய்யவில்லை. ஆனால் அந்த நேரத்தில் பெய்திருந்தால் உதவியாக இருந்திருக்கும்.)

மாமி கண்ணை மூடி யோசித்தார். மகளைக் கீழே அனுப்பினார். பையிலிருந்து காஞ்சிபுரம் பட்டை எடுத்து உதறினார். “இதைக் குறுக்கை கட்டுவம். அங்காலை ஆம்பிளையள், இஞ்சாலை பொம்பிளையள்.” சேலையின் ஒரு தலைப்பை நான் சுவரில் இருந்த ஒரு கொக்கியில் கட்டினேன். மற்றத் தலைப்பைக் கட்டக் கொக்கி இல்லை. தொங்கிய கயிறுதான் இருந்தது. அதில் இறுக்கிக் கட்டினேன். முடிச்சு பலமா என்று பார்க்க மாமி சேலையை இழுத்தார்.

டாங்!

எங்கோ மேலே மணியோசை. மாமி திரும்பவும் இழுத்தார். டாங், டாங்.

“என்ன தம்பி சத்தம்? பக்கத்திலை கோயில் இருக்கோ?”

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லையே. “ஓம் மாமி. கீழை ஒரு தேவாலயம் இருக்கு. பொழுதுபட்டால் அடிப்பாங்கள்” என்றேன். மாமி பக்தியோடு கைகூப்பினார். பிறகு சேலையை இன்னும் நன்றாக, ஆறேழு தடவை இழுத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் தேவாலயம் தவறாமல் பதில் சொன்னது. நானும் பக்கத்தில் நின்று பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கீழே கதவு படாரென்று திறந்தது. சிவப்பு ஜாக்கெட் போட்ட நாலு தடியர்கள் டோர்ச் லைட்டும் ஸ்ட்ரெச்சருமாகப் படிகளில் தடதடவென்று ஏறி வந்தார்கள். பின்னால் விறகோடு தாடிக்காரர், அவருக்குப் பின்னால் சூப் குடித்தவர்கள், கடைசியாக வதனி. அது மலையில் யாருக்காவது ஆபத்து என்றால் அடிக்கிற மணி! பனிப்புகாருக்குள் அந்தச் சத்தம் கேட்டு, சற்றுக் கீழே இருந்த நிலையத்திலிருந்து மீட்புக்காரர்கள் ஓடி வந்திருக்கிறார்கள்.

“காயப்பட்டவர் எங்கே?” என்று முன்னால் வந்தவர் கேட்டார். எனக்கு விளங்கிய முதல் ஜெர்மன் வாக்கியம் அன்று அதுதான். மாமியின் கையில் சேலை. சேலையின் நுனியில் கயிறு. எல்லோருடைய கண்ணும் அந்தக் கயிற்றில் போய் நின்றது. மாமியிடம் சொன்ன தேவாலயக் கதையும், பெண் பார்த்த கதையும் இத்தோடு முடிந்தன என்று நினைத்தேன்.

வதனி கயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். மளமளவென்று ஜெர்மனில் ஏதோ சொன்னாள். ஒருவர் குனிந்து என் சப்பாத்தைக் கழற்றினார். உள்ளே இருந்ததைக் கண்டதும் கூடியிருந்தவர்கள் “ஓஓ” என்றார்கள். இரண்டு குதிகாலும் உரிந்து, காலுறை இரத்தத்தில் ஒட்டியிருந்தது. நான் நடக்கிறேன், நடக்கிறேன் என்று கெஞ்சினேன். யார் கேட்டார்கள்? தூக்கி ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். மார்பில் இரண்டு பட்டி, காலில் ஒரு பட்டி போட்டு இறுக்கினார்கள். கோட், சூட், கழுத்துப்பட்டி கலையாமல் நாலு பேர் தோளில் நான் குடிலை விட்டுப் புறப்பட்டேன்.

அதைக் கண்டதும் மாமிக்கு அடக்க முடியவில்லை. “ஐயோ, பொம்பிளை பாக்க வந்த பிள்ளையைப் பாடையிலை கொண்டு போறாங்களே!” என்று பெருங்குரலெடுத்தார். ஜெர்மன்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். என்னை மாமியின் மகன் என்று நினைத்துவிட்டார்கள்போலும். பட்டுச்சேலையை அழகாக மடித்து, தாடிக்காரர் வாசல்வரை வந்து மாமியிடம் கொடுத்தார். மீட்பு வண்டியிலேயே அம்மாவையும் மகளையும் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு, என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பிளாஸ்டர் ஒட்டி அனுப்பினார்கள்.

அடுத்த கிழமை முழுவதும் நான் சாப்பிடவில்லை. பாலா அண்ணை தலைகுனிந்தபடி வந்தார். “தாய்க்கு மனம் சரியில்லையாம். பாடை ஏறின மாப்பிள்ளை அபசகுனமாம்” என்றார். பேக்கரியில் பிசைந்து வைத்த பாண் மாவுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நான் உண்மையாகவே அழுதேன். அவளை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. ஆனால் வதனி தாயை மடக்கியது பிறகுதான் தெரிந்தது. “கண்டம் கழிஞ்சுது அம்மா. பாடை ஏறித் திரும்பின ஆளுக்கு ஆயுசு கெட்டி எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்” என்றாளாம். தாயால் அதற்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. தையில் கலியாணம்.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நான் வருடக்கணக்காக நம்பியிருந்தேன். அன்றைக்கு மாமி விஷயம் தெரியாமல்தான் அந்தக் கயிற்றை இழுத்தார் என்றும் நம்பியிருந்தேன். போன வருடம் எங்கள் மகளின் பிறந்தநாளில் இந்தக் கதையைச் சொல்லி எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, மாமி வடையைக் கடித்தபடி சாதாரணமாகச் சொன்னார்:

“சுவரிலை படம் இருந்ததே. மணி, கயிறு, ஆளைத் தூக்கிறவங்கள். எனக்கு டொச் பாஷை தெரியாது, படம் தெரியாதோ? என்ர பிள்ளையை அந்த மேடையிலை படுக்க விடேலாது. யாராவது வந்து எங்களை இறக்கட்டும் எண்டு இழுத்தனான். உங்களைத் தூக்குவாங்கள் எண்டு நான் நினைக்கேல்லைத் தம்பி.”

என் கையிலிருந்த தட்டு சரிந்தது. “அப்ப, நான் தேவாலயம் எண்டு சொன்னது?”

“அதுதான் எனக்கும் பெரிய அதிசயம். கயிறு கண்ணுக்கு முன்னாலை ஆடுது, நீங்கள் தேவாலயம் எண்டுறியள். இந்தப் பிள்ளையாலை ஒருத்தரையும் ஏமாத்த ஏலாது எண்டு விளங்கிச்சுது. வதனி கண்டம் கழிஞ்சுது எண்டவுடனை நான் ஏன் ஓம் எண்டனான் எண்டு நினைக்கிறியள்?”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் வாயைத் திறக்க முடிவதில்லை. போன ஞாயிறு காரில் போகும்போது, “இந்தக் குறுக்குப் பாதை எனக்குத் தெரியும்” என்று ஒரு தெருவில் திருப்பினேன். பின்சீட்டிலிருந்து மகள் “டாங்” என்றாள். வதனியின் மூக்கு நுனி சுருங்கியது. மாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்துப் பயபக்தியோடு கைகூப்பினார்.