எங்கள் வீட்டு ஜகார்த்தா

ஒன்றைக் கேட்க வேண்டும் என்று ரொம்பவே ஆசைப்பட்டால், காது அதைத் தானே தயாரித்துக் கொடுத்துவிடும். என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்த உண்மை இது.

பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தந்தி மாதிரி டிக்டிக்கென்று தட்டிப் பேசுகிற பழைய யுத்தகால மோர்ஸ் ரேடியோ ஒன்றின் படத்தைப் பார்த்து, கண்ணாடி வால்வு, மரப்பெட்டி எல்லாம் அசல் மாதிரியே வைத்து நானும் ஒன்று செய்திருந்தேன். (லைசென்ஸ் உண்டு, பயப்படாதீர்கள்.) ஒரு சின்ன பல்பு எரிகிற சக்தியில் கடல் தாண்டிப் பேசலாமாம்! அது எப்படித்தான் போகிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் தட்டிக்கொண்டே இருப்பேன். பதில்தான் வரவில்லை. 'பையனுக்கு ஸ்க்ரூ லூஸு' என்ற செய்தி மட்டும் எந்த ஏரியலும் இல்லாமல் காரக்கோணம்வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

காரக்கோணத்தில்தான் எனக்குப் பேசிவைத்த ஷீபா இருந்தாள். அவள் அப்பா, வீடு காண வருகிற சாக்கில் என் தலையைக் காண வந்தார். வழக்கத்துக்கு மாறாக ஷீபாவும் கூடவே வந்தாள்.

"மோனே, இதத் தட்டினா யாராவது பதிலு செல்லுவாங்களா?" என்று கேட்டார் அவர்.

"செல்லுவாங்க மாமா. இப்பமே காட்டுறேன்." (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.)

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தட்டினேன். ஐயோ! டிக்... டிக்டிக்... பதில் வருகிறது! எழுத்து எழுத்தாகக் கூட்டிப் பார்த்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"மாமா, ஜகார்த்தாவாக்கும் பேசுது!"

மாமா எழுந்தே நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து என் அப்பா உள்ளே வந்தார்.

"எலே மக்கா, ஆளு வருதுண்ணு முற்றத்துல ரப்பர் ஷீட்டு போட்ட கயித்த அவுத்துட்டேன். ஒனக்க சன்னலுக்கு வெளிய ஒரு கம்பி சும்மா கெடந்துதே, காலையிலயே அத வெட்டிப் பொறத்தால கட்டி ஷீட்டக் காயப்போட்டாச்சு. நல்ல கம்பியாக்கும்!"

சும்மா கிடந்த கம்பியாம்! "அது எனக்க ஏரியல்! அது இல்லாம ஒரு ஊரும் பேசாதே!" என்று அலறிவிட்டேன். சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். மிச்சம் ஒரு சாண் தொங்கிக்கொண்டிருந்தது. மாமா மகளைப் பார்த்து, "போவோமா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஷீபா கிளம்பவில்லை.

"அப்போ இப்பம் பேசினது யாரு?" என்று ஹெட்ஃபோனை வாங்கி மாட்டினாள். கொஞ்ச நேரம் கேட்டாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். நேராகப் போய் ஃபேனை நிறுத்தினாள்.

"ஜகார்த்தா நின்னுட்டு." மறுபடி ஃபேனைப் போட்டாள். "இப்பம் பேசுது."

எங்கள் ஃபேனின் பழைய ரெகுலேட்டர் போட்ட டிக்டிக்! மாமாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை.

"அப்பா, இவருக்குக் கிறுக்கொண்ணும் இல்ல. கேட்டா எனக்கும் யாரோ பேசுத மாதிரித்தான் தோணுது" என்றவள், என் பக்கம் திரும்பினாள். "அந்தக் கம்பியத் திருப்பிக் கட்டுங்க. நெசமாவே யாராவது பேசுவாங்களாண்ணு எனக்கு அறியணும்."

கம்பியைக் கட்டினேன், தாலியையும் கட்டினேன். கொழும்பு பேசியது, சிங்கப்பூர் பேசியது. ஜகார்த்தா மட்டும் இன்றுவரை பேசவில்லை. ஆனாலும் வெயில் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், மாமா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொல்வார்:

"மோளே, அந்த ஜகார்த்தாவ அஞ்சுல வை."