வராத கடைக்கு வந்த ஆட்சேபணைகள்

சொந்த நிலத்தில் ஒருவர் சோளம் விதைக்கலாம், எள் விதைக்கலாம், ஒன்றுமே விதைக்காமல் வரப்பில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். டீ போட்டு மட்டும் விற்கக் கூடாது. டீ விற்றால் அது வணிகம். வணிகம் வந்தால் நாட்டுப்புறத்தின் கண்ணுக்கினிய தோற்றத்துக்கு ஊறு விளையும். இதை நான் சொல்லவில்லை, அரசாங்கம் சொல்கிறது. அரசாங்கம் சொன்னால் யோசித்துத்தான் சொல்லியிருக்கும் என்று நம்புகிற குடும்பம் எங்களுடையது. என் அக்காவுக்கு மட்டும் அந்த நம்பிக்கை கொஞ்சம் குறைவு, வாய் கொஞ்சம் நீளம்.

அக்காவின் நிலம் நெடுஞ்சாலை வளைவில் இருக்கிறது. மேடேறி வரும் லாரிகள் எல்லாம் இன்ஜின் சூடு தணிய அங்கேதான் நிற்கும். டிரைவர்கள் இறங்கி வந்து அக்கா வீட்டில் தண்ணீர் கேட்பார்கள். "தண்ணி கேக்குறவன் டீ குடுத்தா வேண்டாம்னா சொல்லப்போறான்?" என்று அக்காவுக்கு ஒருநாள் தோன்றியது. வளைவில் சின்னதாக ஒரு டீக்கடை. ஒரு அடுப்பு, ஒரு பெஞ்சு, அவ்வளவுதான்.

ஆனால் அவள் ஆசை டீயின்மேல் இல்லை, அத்தான்மேல். அத்தானும் லாரி டிரைவர்தான். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வருவார். போன தடவை வந்தபோது அவர் பெற்ற மகளே நாற்காலியை எடுத்துப் போட்டு, "உக்காருங்க, அம்மாவைக் கூப்பிடுறேன்" என்றது. அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா சமையலறைக்குள் போய் அழுதாள். அன்றைக்குத்தான் அத்தான் வாக்குக் கொடுத்தார்: "கடை அடுப்பைப் பத்தவை. அன்னைக்கே லாரிச் சாவியை முதலாளி மூஞ்சியில வீசிட்டு வந்துடுறேன்."

நான் பெயர்ப்பலகை எழுதிப் பிழைக்கிறவன். கடை வந்தால் பலகை என்னுடையது என்பதால், அனுமதி வாங்க அக்கா கிளம்பியபோது நானும் ஒட்டிக்கொண்டேன்.

நாட்டுப்புறத் தோற்றப் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குபடுத்தப்பட்ட வளர்ச்சி இயக்ககம், நகரத்தின் நடுவில் ஓர் உயரமான கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்தது. லிப்டு வேலை செய்யவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்கு மூச்சும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. இது அந்த அலுவலகத்தின் முதல் சாதனை. ஜன்னலுக்கு வெளியே அழகான மலை ஒன்று தெரியும். அந்த ஜன்னலை மறைத்து அதே மலையின் படத்தை மாட்டியிருந்தார்கள். படத்துக்குக் கீழே தோற்ற அலுவலர் உட்கார்ந்திருந்தார். எது எப்படித் தோன்ற வேண்டும் என்று முடிவு செய்வதுதான் அவர் உத்தியோகம்.

"இப்ப அந்த இடத்துல என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க. காலி நிலம்."

"பாத்தீங்களா! ஒண்ணும் இல்லாம இருக்கிறதுக்குப் பேருதான்மா நாட்டுப்புறம். அதுல போய் ஒண்ணை வைக்கணும்னு கேக்குறீங்களே, மனசு எப்படி வருது?"

"சின்னக் கடைதான் சார். என் வீட்டுக்காரர் வீட்டோட இருப்பாரு."

"அவர் வீட்டோட இருக்கிறது தோற்றத்துக்கு நல்லதா கெட்டதான்னு பொதுமக்கள்தான் சொல்லணும். உருவக் கம்பு நடுங்க."

உருவக் கம்பு என்பது ஒரு நடைமுறை. வரப்போகும் கட்டடத்தின் நாலு மூலையிலும் கூரை உயரத்துக்குக் கம்பு நட்டு, உச்சியில் சிவப்புக் கயிறு கட்ட வேண்டும். பொதுமக்கள் நேரில் வந்து, அந்த வெற்று இடத்தில் ஒரு கடையைக் கற்பனை செய்து, மனம் நொந்து, அங்கேயே ஆட்சேபணை எழுதிக் கொடுக்க வேண்டும். கம்புகளுக்கு உள்ளே யாரும் கால் வைக்கக் கூடாது. நிலத்தின் சொந்தக்காரி உட்பட.

கம்பு நட்டோம். ஒரு ஈ காக்கை வரவில்லை. அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மறுபடி மாடியேறி, "ஒருத்தரும் ஆட்சேபிக்கலை சார், அனுமதி குடுங்க" என்றாள்.

அலுவலர் பதறிப்போனார். "ஆட்சேபணையே இல்லையா? அப்புறம் எதைம்மா நான் பரிசீலிக்கிறது? பரிசீலிக்காம அனுமதி குடுத்தா என் வேலை போயிடும்."

"அப்ப நானே போய் நாலு பேரை ஆட்சேபிக்கச் சொல்லட்டுமா?"

"சேச்சே, நீங்க சொன்னா அது முறைகேடு. நாங்க சொல்லிக்கிறோம்."

சொன்னார்கள். நகரமெங்கும் சுவரொட்டி. 'அழியப்போகும் நாட்டுப்புறம்! கடைசியாக ஒருமுறை காண வாரீர்!' அவ்வளவுதான், நகரமே திரண்டு வந்துவிட்டது. வேன் வேனாக வந்தார்கள். சிவப்புக் கயிற்றைப் பார்த்து 'உச்' கொட்டினார்கள். கம்புக்குப் பக்கத்தில் சோகமாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் சோகம் போதவில்லை என்று மறுபடி எடுத்துக்கொண்டார்கள்.

அவர்களில் முக்கியமானவர் ஓர் அம்மாள். நாங்கள் அவருக்கு இயற்கை அம்மா என்று பெயர் வைத்தோம். மண் நிறத்தில்தான் உடுத்துவார். அதுவும் கசங்கினது மாதிரியே இஸ்திரி போட்ட துணி. வெறுங்காலோடு மண்ணில் நிற்பது உடம்புக்கு நல்லது என்று அவர் கண்டுபிடித்திருந்தார். அதற்கு ஒரு பயிற்சியும் நடத்தினார். எங்கள் பக்கத்து நிலத்துச் சோளக்காரர் பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு நிற்கிறவர். அவர் வேலியோரம் நின்று வேடிக்கை பார்க்க, இயற்கை அம்மா அவரிடம் போய், "நீங்க தப்பா நிக்கிறீங்க" என்று திருத்தினார். மனுஷன் அன்று முழுக்க எப்படி நிற்பது என்று தெரியாமல் உட்கார்ந்தே இருந்தார்.

வந்த கூட்டத்துக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டுமே? சோளக்காரரின் நிலத்தைச் சமன் செய்து சிமெண்டு போட்டார்கள். மனம் நொந்தவர்களுக்குத் தொண்டை வறளுமே? கண்ணாடிச் சுவர் வைத்துக் குளிர்பானக் கடை வந்தது. ஆட்சேபணைக்கு நகல் எடுக்கக் கடை, நகல் எடுக்கப் போனவர் குழந்தைகளுக்கு ஊஞ்சல் கூடம், தூரத்திலிருந்து வந்தவர்கள் தங்க மூன்று மாடி விடுதி. ஒன்றுக்குக்கூட அனுமதி தேவைப்படவில்லை. எல்லாம் 'ஆட்சேபணையாளர் வசதி' என்ற தலைப்பில் வருகிற தற்காலிகக் கட்டடங்கள். ஆட்சேபணை முடிந்ததும் இடித்துவிடுவார்கள் என்பதால் அவை கண்ணுக்குத் தெரிந்தாலும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. எனக்குப் பலகை எழுதி மாளவில்லை. தூரிகையைக் கீழே வைக்க நேரமில்லை.

அக்கா அலுவலரை வளைவிலேயே மடக்கினாள். அவரும் இப்போது அங்கேதான் ஒரு தற்காலிக அலுவலகம் கட்டி, உள்ளே மலைப் படத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், இத்தனை கடை வந்துடுச்சு. என் கடையில மட்டும் என்ன சார் குறை?"

"இதெல்லாம் கடை இல்லம்மா. வசதி."

"அப்ப நானும் ஆட்சேபணை பண்றவங்களுக்குத்தான் டீ குடுக்கிறேன். என்னுடையதும் வசதின்னு எழுதிக்கோங்க."

அலுவலர் காதைப் பொத்திக்கொண்டார். "என்னம்மா பேசுறீங்க! அவங்க ஆட்சேபிக்கிறது உங்க கடையை. ஆட்சேபிக்கப்படுற கடையே ஆட்சேபிக்கிறவங்களுக்கு டீ குடுத்தா அதுக்குப் பேரு என்ன தெரியுமா? லஞ்சம்!"

அக்கா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

இந்த நேரத்தில் அத்தான் விடுப்பில் வந்தார். தன் வீட்டைத் தாண்டி இரண்டு தடவை போய்விட்டு, மூன்றாவது தடவை என் பலகை எழுத்தை அடையாளம் கண்டு லாரியை நிறுத்தினார். இறங்குவதற்குள் காவலர் ஒருவர் ஓடிவந்து, "நாட்டுப்புறத்துல லாரி வரக் கூடாதுன்னு தெரியாதா? சத்தத்துல ஜனங்க அமைதியா ரசிக்க முடியலை" என்று விரட்டினார்.

"மச்சான், இது நம்ம வளைவுதானா? டிரைவருங்க எல்லாம் எங்கடா?"

"லாரிகளுக்கு வேற சாலை போட்டுட்டாங்க அத்தான்."

"அப்ப உங்க அக்கா யாருக்குடா டீ போடப்போறா?"

"அதை ஏன் கேக்குறீங்க. முதல்ல வீட்டுக்குள்ள வாங்க."

ஒருவழியாக விசாரணை நாள் வந்தது. மண்டபம் நிரம்பி வழிந்தது. இயற்கை அம்மா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். அதற்குள் அவரும் கண்ணாடிச் சுவர் வைத்து ஒரு காபி விடுதி திறந்திருந்தார். அதன் ஜன்னலிலிருந்து பார்த்தால் கண்ணில் படும் ஒரே பச்சை, அக்காவின் கம்புகளுக்கு நடுவே இருந்த புல்தான். யாரும் கால் வைக்காததால் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தது. "அந்தப் புல்லையும் எடுத்துட்டா நாம எதைப் பாத்துக் காபி குடிக்கிறது?" என்று அவர் கேட்டதும் மண்டபமே உருகிவிட்டது.

அலுவலர் தீர்ப்பைப் படித்தார். சுற்றுவட்டாரத்தில் தீர விசாரித்ததில் நாட்டுப்புறம் என்று சொல்லத்தக்கது மேற்படி நாலு கம்புகளுக்கு உட்பட்ட இடம் ஒன்றே எஞ்சியிருப்பதாலும், அதுவும் கடையானால் பாதுகாக்க ஏதும் இல்லாமல் இயக்ககத்தையே மூட நேரிடும் என்பதாலும், மனு நிராகரிக்கப்படுகிறது. புல் பாதுகாக்கப்படுகிறது. தற்காலிகக் கட்டடங்கள் புல்லைப் பார்க்க வருவோர் வசதிக்காக நிரந்தரமாகத் தற்காலிகமாக நீடிக்கும்.

அக்கா பெஞ்சுமேல் ஏறிவிட்டாள். "புல்லு இருக்கட்டும்யா! என் புருஷன் எப்ப வீட்டுக்கு வர்றது? அதைச் சொல்லு! என் மக அப்பனைப் பாத்து யாருன்னு கேக்குது, அதுக்கு உன் சட்டத்துல என்ன எழுதியிருக்கு?"

அலுவலரும் பிள்ளைகுட்டிக்காரர்தானே. பக்கத்திலிருந்தவரிடம் குசுகுசுவென்று பேசிவிட்டு எழுந்தார். புல்லுக்கு ஒரு காவலர் வேண்டும், அரசாங்க உத்தியோகம், அதை அத்தானுக்கே கொடுக்கிறோம் என்றார். அத்தான் ஒரு துள்ளுத் துள்ளினார் பாருங்கள்! அப்படியே ஓடிப்போய் லாரிச் சாவியை முதலாளி மூஞ்சியில் வீசினார். முதலாளி அன்று ஊரில் இல்லாததால் கணக்குப்பிள்ளை மூஞ்சியில் வீசினார். வரும் வழியில் மகளுக்கு ரிப்பனும் அக்காவுக்குச் சேலையும் எடுத்துவந்தார். அக்கா அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. நான் மாலை முழுக்க அவர்கள் வீட்டில் ஆட்டம் போட்டேன்.

மறுநாள் உத்தரவு கையில் வந்தது. அரசாங்க ஊழியர் யாரும் சொந்த ஊரில் பணிபுரியக் கூடாது என்பது பொது விதி. ஆகையால் அத்தானைத் தொலைதூரத்தில், அவர் லாரியில்கூடப் போயிராத ஓர் ஊரில், அங்கே மிச்சமிருந்த புல்லுக்குக் காவலராக நியமித்திருந்தார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரை எங்கள் புல்லுக்கு அனுப்பியிருந்தார்கள். வந்தவர் நல்ல மனிதர். எந்நேரமும் பெண்டாட்டி நினைப்புத்தான். மனசு கேட்காமல் அக்கா அவருக்குத் தினமும் டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். காசு வாங்கவில்லை, வாங்கினால் வணிகம்.

அத்தான் போன் செய்தார். "இங்கயும் அதே கதைதான். ஒரு அம்மா டீக்கடைக்கு மனு போட்டிருக்காங்க. உங்க ஊருக்குக் காவலுக்கு வந்திருக்காரே, அவர் சம்சாரம்தான். நல்ல மனுஷி, தினமும் டீ கொண்டுவந்து குடுக்குறாங்க. நம்ம வீட்டு டீயை விட ஒரு படி மேல, பொய் சொல்லக் கூடாது. அவங்களுக்கு அனுமதி கிடைச்சுடும்போல இருக்கு. பரிசீலிக்க ஒரே ஒரு ஆட்சேபணைதான் இருந்துச்சாம், பரிசீலிச்சு முடிச்சதும் அதையும் அந்த ஆளு திரும்ப வாங்கிட்டாராம்."

அக்கா போனை வைத்தாள். முகம் சிவந்திருந்தது. பையை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

"எங்கக்கா கிளம்புற? அத்தானைப் பாக்கவா?"

"ஆட்சேபணை குடுக்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அக்கா, கொஞ்சம் யோசி. அந்தம்மா கடைக்கு அனுமதி கிடைச்சா அங்க காவலுக்குப் புல்லு இருக்காது. புல்லு இல்லைன்னா காவலர் வேலை இல்லை. அத்தான் நாளைக்கே வீட்டுக்கு வந்துடுவாரு!"

அக்காவின் கை அப்படியே நின்றது. ஒரு சேலையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பெண்ணுக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று நான் மூச்சு விட்டேன்.

"வரட்டும். யாரு வேண்டாம்னா?" என்றாள். "ஆனா நான் இத்தனை மாடி ஏறி எனக்குக் கிடைக்காத கடை, அவளுக்கு மட்டும் எப்படிடா கிடைக்கும்?"

பையை மூடித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். சுற்றிலும் இருந்த கடைக்காரர்கள் எல்லாரும் நியாயம்தான் என்றார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அக்காவின் ஆட்சேபணை ஏற்கப்பட்டது. அத்தானுக்கு அங்கேயே வேலை நிரந்தரமாகிவிட்டது.