நாற்பத்திரண்டு பல்புகள்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததைப் பெரிய சாதனை என்கிறார்கள். வெப்பத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகளைக் காப்பாற்ற நாங்கள் ஒரு குழு அமைத்தோமே, அதற்கு முன்னால் நெருப்பெல்லாம் எம்மாத்திரம்! அந்த ‘வெப்பச் சுகக் குழு’வின் செயலாளர் அடியேன்தான். பள்ளி அலுவலகத்தில் தலைமை எழுத்தர். என் மகளும் இதே பள்ளியில் நான்காம் வகுப்பு ‘பி’ பிரிவில் படிக்கிறாள் என்பதைக் குழுவில் நான் சொல்லிக்கொண்டதில்லை. பொதுக் காரியத்தில் சொந்தபந்தம் குறுக்கே வரக்கூடாதல்லவா?

எங்கள் புதுக் கட்டடம் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்கென்றே அவதரித்தது. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெளிச்சம் வரும், விளக்கு வேண்டாம். கண்ணாடி திறக்காது, அதனால் தூசி வராது, துடைக்க ஆள் வேண்டாம். மின்விசிறி ‘பழைய சிந்தனை’ என்பதால் மாட்டவில்லை. மதியம் இரண்டு மணிக்கு வெயில் நேரே 4-பிக்குள் வந்து உட்கார்ந்துவிடும். வருகைப் பதிவேட்டில் பெயர்தான் இல்லை. மற்றபடி ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத மாணவன்.

இந்தக் கட்டடத்துக்கு மின்சிக்கனத்துக்கான ‘தங்கத் தரச் சான்றிதழ்’ வாங்குவது தாளாளரின் லட்சியம். ஒரே ஒரு நிபந்தனை: வகுப்பறை வெப்பம் முப்பது டிகிரியைத் தாண்டக்கூடாது. ஆய்வுக்கு இரண்டு வாரம் இருக்கையில் தாளாளர் அறையில் குழு கூடியது. ஏ.சி. அங்கே அயராது உழைத்துக்கொண்டிருந்தது. தாளாளர் சால்வை போர்த்தியிருந்தார்.

4-பி ஆசிரியை எழுந்தார்.

“ஐயா, மதியத்துல பிள்ளைங்களால உட்காரவே முடியலை. நேத்து ஒரு பொண்ணுக்கு மூக்குல ரத்தம் வந்துடுச்சு. ரெண்டு ஜன்னலாவது திறக்கிற மாதிரி வச்சுக் கொடுங்க.”

அந்தப் பொண்ணு என் மகள். ‘மூக்கு தொடர்பான பொருள் விவாதிக்கப்பட்டது’ என்று கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

“ஜன்னலைத் திறந்தா டிசைன் என்ன ஆகிறது?” என்று தாளாளர் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். “நிபுணர் சொல்லட்டும்.”

நிபுணர் கட்டடத்தை வடிவமைத்தவர். ஆகவே அதில் குறை கண்டுபிடிக்க அவரைவிடத் தகுதியானவர் கிடையாது.

“நானே அளந்து பார்த்தேன். திங்கட்கிழமை மதியம் முப்பத்தேழு டிகிரி. ஞாயிற்றுக்கிழமை காலையில இருபத்தொன்பது. அதே ரூம், அதே சுவர். அப்போ என்ன வித்தியாசம்?”

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

“பிள்ளைங்க!”

“காலைக்கும் மதியத்துக்கும் வித்தியாசம் இல்லையா சார்?” என்றார் ஆசிரியை.

“அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம், டீச்சர். ஒரு பிள்ளையோட உடம்பு ஒரு பல்பு அளவுக்குச் சூடு விடுது. உங்க கிளாஸ்ல நாற்பத்திரண்டு பல்பு. பட்டப்பகல்ல இத்தனை பல்பை எரிய விட்டுட்டு சிக்கனம்னு சொன்னா யாரு நம்புவாங்க?”

“அப்போ என்ன பண்ணணும்கிறீங்க? அணைச்சிடலாமா?” என்றார் ஆசிரியை.

தாளாளர் இரக்க குணம் உள்ளவர்.

“சேச்சே, அணைக்க வேண்டாம். இடம் மாத்திடலாம்.”

‘வெப்ப மூலங்களை அப்புறப்படுத்துதல்’ என்ற தீர்மானம் ஒரே ஒரு எதிர்ப்போடு நிறைவேறியது. நான் கையைத் தூக்கினேன். ஆதரவாகத்தான். மறுநாள் நாற்பத்திரண்டு பல்புகளும் புத்தகப் பையோடு சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் போயின. தகரக் கூரைதான். ஆனால் கொட்டகை ‘கட்டடம்’ என்ற கணக்கில் வராது. அங்கே எத்தனை டிகிரி என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆய்வாளர்கள் காலை பத்து மணிக்கு வந்தார்கள். காலி அறையில் இருபத்தொன்பது. வியந்துபோனார்கள். படிவத்தில் ஒரு கேள்வி: ‘அறையைப் பயன்படுத்துவோரின் புகார்கள்?’ ‘ஏதுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்யில்லை. அறையை யாரும் பயன்படுத்தவில்லையே.

சான்றிதழ் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு, கைதட்டலோடு 4-பியிலேயே மாட்டினோம். ஒரே வாரம்தான். மதிய வெயிலில் பொன்னெழுத்துகள் உரிந்து, ஓரம் சுருண்டுவிட்டது. தாளாளர் பதறிப்போனார்.

“என்ன அநியாயம் இது! இந்தச் சூட்டுல இதைக் கொண்டுவந்து மாட்டுவாங்களா? உடனே கழட்டுங்கய்யா!”

அவசரக் கூட்டம் பத்தே நிமிடத்தில் முடிந்தது. ஒருவரும் எதிர்க்கவில்லை. சான்றிதழைத் தாளாளர் அறைக்கு, ஏ.சி.க்கு நேர் கீழே மாற்ற ஆணை தயாரித்தேன். ‘மிக அவசரம்’ என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டதும் நான்தான். சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கொட்டகையைத் தாண்டும்போது, முகமெல்லாம் வியர்க்குருவோடு என் மகள் ஓடிவந்தாள்.

“அப்பா, இதை எங்கே தூக்கிட்டுப் போறீங்க?”

“ஏ.சி. ரூமுக்கும்மா. வெயில் தாங்கலை.”

அவள் சட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“இதுக்கும் மூக்குல ரத்தம் வந்துச்சாப்பா?”