அய்யாவுக்குத் திதி

மாலை போட்ட படம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஆடி அமாவாசை அன்று ராமேஸ்வரத்தில் நடக்கக் கூடாது. சாதாரண புத்தி உள்ளவர்களுக்கு இது யாரும் சொல்லாமலே தெரியும். எனக்குப் பட்ட பிறகுதான் தெரிந்தது.

அப்போது அபிராமத்தில் ஒரு மிளகாய் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அது வயிற்றுப்பாட்டுக்கு. என்னுடைய உண்மையான உத்தியோகம், ஒரு சினிமா நடிகரின் ரசிகர் மன்றத்தில் அபிராமம் கிளைத் தலைவர். எந்த நடிகர் என்று கேட்காதீர்கள். (எதிர் மன்றத்துக்காரர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பேரன் பேத்தி எடுத்தும் திருந்தவில்லை.) அவர் பெயரைச் சொல்வது மரியாதை இல்லை என்று நாங்களே தீர்மானம் போட்டு, 'அய்யா' என்று மட்டும்தான் சொல்வோம். எங்கள் பக்கத்தில் பெற்ற தகப்பனையும் அய்யா என்றுதான் கூப்பிடுவது. தீர்மானம் போட்டபோது இது யாருக்கும் உறைக்கவில்லை.

கிளைச் செயலாளர் சேகு முகம்மது. பெரியபட்டினத்துக்காரன், அபிராமத்தில் தன் மாமாவின் ஜவுளிக்கடையில் இருந்தான். தங்கமான பையன். பொய் சொல்ல வராது. மன்ற வேலைக்கு அது ஒரு பெரிய குறைதான்.

ஆவணியில் எனக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். பெண் வள்ளி, கமுதிப் பக்கம். பெண்ணைப் பெற்றவர் இருளப்பன், நிலபுலன் உள்ள மனிதர். சினிமா பார்க்கிறவன் உருப்பட மாட்டான் என்பதில் உறுதியானவர். அதனால் எங்கள் வீட்டில், "பையன் மண்டிய விட்டா வீடு, வீட்ட விட்டா மண்டி" என்று சொல்லிவைத்திருந்தார்கள். மண்டிக்கும் வீட்டுக்கும் நடுவில் டூரிங் கொட்டகை இருந்ததை யாரும் சொல்லவில்லை.

இந்த நிலைமையில்தான் ராமநாதபுரத்தில் மன்றத்தின் ஜில்லா மாநாடு வந்தது. மிளகாய் வியாபாரமாகப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு நானும் சேகுவும் போனோம். அய்யா வருவதாக நோட்டீஸில் போட்டிருந்தது. வரவில்லை, வாழ்த்துத் தந்திதான் வந்தது. அவர் உட்கார வேண்டிய நாற்காலியில் அவருடைய பெரிய கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தை வைத்து, சந்தன மாலை போட்டு, நெற்றியில் குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார்கள். முடிவில், சிறப்பாகப் பணியாற்றிய கிளை என்று எங்களை மேடைக்கு அழைத்து, அந்தப் படத்தை மாலையோடும் பொட்டோடும் எங்களிடமே கொடுத்தார்கள். சேகு மேடையிலேயே அழுதுவிட்டான். நான் கீழே இறங்கி அழுதேன்.

அது அபூர்வமான படம். ஒட்டு மீசை, கிருதா, மேக்கப் எதுவும் கிடையாது. முன்தலை ஏறி, மூக்குக் கண்ணாடி போட்டு, கதர்ச் சட்டையில் இருந்தார். திரையில் மட்டும் அவரைப் பார்த்தவர்கள், தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர் என்றுதான் நினைப்பார்கள். எங்களைப் போன்றவர்களுக்குத்தான் அடையாளம் தெரியும் என்பதில் எங்களுக்கு அவ்வளவு கர்வம்.

மறுநாள் சாயங்காலம்தான் அபிராமத்துக்கு பஸ். பகல் முழுக்க என்ன செய்வது?

"ராமேசுவரம் போயி கடலப் பாத்துட்டு வந்துருவோமா? நீதான் கடலே பாத்ததில்லைங்கிறியே" என்றான் சேகு.

எனக்கும் ஆசைதான். படத்தை யாரை நம்பி விட்டுப்போவது? கையோடு தூக்கிக்கொண்டோம். அன்றைக்கு ஆடி அமாவாசை என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. (மன்றத்துக்காரர்கள் காலண்டரில் படம் வெளியாகும் நாளைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.) ஸ்டேஷனில் கூட்டத்தைப் பார்த்து, எல்லாம் மாநாட்டுக்கு வந்த கூட்டம் என்றே நினைத்தோம்.

ரயிலில் ஏறியதும் ஓர் அதிசயம் நடந்தது. படத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் ஒதுங்கி இடம் விட்டார்கள். ஒரு பெரியவர் எழுந்து உட்காரச் சொன்னார். படத்தை மடியில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எதிர்ப் பலகையில் புருஷனோடு வந்திருந்த ஒரு நடுவயது அம்மாள் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அய்யாவா தம்பி?"

புல்லரித்துவிட்டது. மேக்கப் இல்லாமலும் கண்டுகொண்டாரே.

"ஆமாத்தா, அய்யாதான்."

"எத்தனாவது வருசம்?"

மாநாட்டைக் கேட்கிறார் என்று, "இது அஞ்சாவது" என்றேன்.

"வருசம் தவறாமச் செய்யிறீகளா?"

"ஒரு வருசம் கூட விட்டதில்ல. இந்தத் தடவ பந்தலு போட்டு, வந்தவுகளுக்கெல்லாம் சோறு போட்டு, ராமநாதபுரமே தாங்கல."

அந்த அம்மாள் தன் புருஷனைப் பார்த்து, "பிள்ளைகன்னா இப்பிடில்ல இருக்கணும்" என்றார். புருஷன் தலையைக் குனிந்துகொண்டார்.

சேகு சும்மா இருந்திருக்கலாம். "எங்களுக்குத் தாய் தகப்பன் எல்லாமே இவருதாந்தா. அவரு எங்கன இருந்தாலும் எங்களப் பாத்துக்கிட்டுத்தான் இருப்பாரு" என்றான். அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் ஜன்னலை மறைத்ததில் பாலம் கடந்ததே எங்களுக்குத் தெரியவில்லை. பாம்பனில் வண்டி மாறும்போது படத்தை ஒரு பக்கம் அவரே பிடித்துக்கொண்டார்.

ராமேஸ்வரத்தில் இறங்கியதும், "எங்ககூட வாங்க தம்பி. எங்களுக்குத் தெரிஞ்ச சாஸ்திரி இருக்காரு. நல்லாச் செய்வாரு" என்றார். எங்களுக்குக் கோயிலைச் சுற்றிக் காட்ட ஆள் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகப் பின்னால் போனோம். நேரே அக்னி தீர்த்தக் கரைக்குக் கூட்டிப்போனார். அங்கேதான் நான் முதன்முதலில் கடலைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வது மரியாதைக்காக. கரை முழுக்கத் தலைகளாக இருந்தது. தலைகளுக்கு நடுவில் கொஞ்சம் தண்ணீர் தெரிந்தது.

தாழங்குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த சாஸ்திரி படத்தை வாங்கி மணலில் சாய்த்து வைத்தார். "முதல்ல போய் மூணு முழுக்குப் போட்டுட்டு வாங்கோ" என்றார். கடலுக்கு வந்தால் குளிப்பது முறைதானே என்று முழுக்குப் போட்டேன். ஈர வேட்டியோடு வந்தால், வாழை இலை, எள், பச்சரிசி மாவு எல்லாம் தயாராக இருந்தது. கையைப் பிடித்து உட்கார வைத்து விரலில் தர்ப்பையை மாட்டிவிட்டார். (ஏன் அப்போதே எழுந்திருக்கவில்லை என்று என் பிள்ளைகள் கேட்பார்கள். பிரசாதம் தரப்போகிறார்கள் என்று நினைத்தேன்.) சேகுவையும் உட்காரச் சொன்னார்.

"நான் இஸ்லாம் சாமி."

"அப்படியா. சிநேகிதருக்காக வந்திருக்கேளா, நல்லது. தள்ளி நின்னுக்கோங்கோ." பிறகு என்னைப் பார்த்து, "அவரோட அப்பா பேர், தாத்தா பேர் தெரியுமோ?" என்றார்.

மாநாட்டு மலரில் அய்யாவின் வம்ச வரலாறு போட்டிருந்தார்கள். சேகு அதை மனப்பாடமாக வைத்திருந்தான். தகப்பனார், பாட்டனார், பூட்டனார் என்று கடகடவென்று ஒப்பித்தான். சாஸ்திரி அசந்துபோனார். "இந்தக் காலத்துல சொந்தப் பிள்ளைகளுக்கே தெரியறதில்லை" என்று மெச்சிவிட்டு, அடுத்ததாகக் கேட்டார்.

"எந்தத் திதியில காலமானார்?"

சேகு என்னைப் பார்த்தான். நான் படத்தைப் பார்த்தேன். சந்தன மாலை, குங்குமப் பொட்டு, எதிரே எள்ளும் மாவும். அதுவரை ரயிலில் நடந்ததெல்லாம் தலைகீழாகத் திரும்பிப் புரிந்தது.

"அவரு உசுரோடதான் இருக்காரு" என்றான் சேகு. சொல்லும்போதே அழுதுவிட்டான்.

"அப்பிடித்தாம்ப்பா இருக்கும். மனசு ஒத்துக்கிறாது" என்று ரயில் அம்மாள் அவன் முதுகைத் தடவினார்.

"இல்லத்தா. நேத்து தந்தி குடுத்தாரு."

அம்மாள் வாய்விட்டே அழ ஆரம்பித்துவிட்டார்.

நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருப்பேன். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"மாப்ளையா அது?"

இருளப்ப மாமா. தன் தாயாருக்குத் திதி கொடுக்க வந்திருக்கிறார். ஈரத் துண்டோடு, நெற்றி நிறைய விபூதியோடு நிற்கிறார்.

"இங்கன என்ன செய்யிறிய?"

நான் வாயைத் திறக்குமுன் அம்மாள் பதில் சொன்னார். "அவுக அய்யாவுக்குத் திதி குடுக்காருங்க. அஞ்சு வருசமாச்சாம்."

"சம்பந்திக்கா?" மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "போன வாரம் எங்கிட்ட வெத்தல வாங்கிப் போட்டாரே."

குனிந்து படத்தைப் பார்த்தார். சம்பந்தி இல்லை என்று தெரிந்ததும் மூச்சு வந்தது. "இது யாரு?"

நடிகர் என்று சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். என் வாயில் வந்தது இது: "பெரியப்பா. ரங்கூன்ல இருந்தாரு, பிள்ளை இல்ல."

"எப்பத் தவறுனாரு?"

"போன வாரம் தந்தி வந்துச்சு மாமா."

"அஞ்சு வருசம்னில்ல சொன்னிய?" என்றார் அம்மாள்.

"தந்தி இப்பத்தான் வந்துச்சு" என்றேன்.

"ரங்கூன்னா தூரமில்ல" என்று அவருடைய புருஷன் முதல் தடவையாகப் பேசினார்.

மாமா என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். படத்தில் ஒட்டியிருந்த மணலைத் துண்டால் தட்டிவிட்டார். பிறகு, "பிள்ளை இல்லாத மனுசனுக்கு நீங்க வந்து செய்யிறிய. நல்ல மனசு" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "ஆனா சேதி தெரிஞ்சதுலருந்து பங்காளிகளுக்குத் தீட்டுல்ல. கல்யாணத்த அடுத்த வருசம்தான் வைக்கணும். நானும் உங்ககூட அபிராமம் வாரேன். வீட்டுல துக்கம் விசாரிச்சுட்டு, அப்பிடியே பேசிக்கிருவோம்."

எங்கள் வீட்டில் போய், செத்துப்போன ரங்கூன் பெரியப்பாவுக்காக அவர் துக்கம் விசாரிப்பதை நினைத்துப் பார்த்தேன். கடல் கிட்டத்தில்தான் இருந்தது. ஓடிப்போய் விழலாமா என்று இருந்தது.

அதற்குள் கரையில் சட்டைப் பையில் மாநாட்டுப் பேட்ஜோடு ஒரு கூட்டம் வந்தது. சாயல்குடிக் கிளை. அவர்களும் எங்களைப் போலவே பஸ் நேரம் வரை பகலைக் கழிக்க வந்தவர்கள். அவர்களுக்கு அந்தப் படத்தில் இருப்பது யார் என்று நன்றாகத் தெரியும். படத்தைப் பார்த்தார்கள். நேற்று மேடையில் பார்த்த அதே மாலை, அதே பொட்டு. இன்றைக்கு அதற்கு எதிரே எள்ளு, ஈர வேட்டியோடு நான், அழுதுகொண்டு நிற்கும் சேகு. அவர்கள் தலைவர் கையிலிருந்த சோடா பாட்டில் கீழே விழுந்தது.

"அய்யா போயிட்டாரா" என்று கேட்டு அப்படியே மணலில் உட்கார்ந்தார். பின்னால் வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். ஒருவன் மாரில் அடித்துக்கொண்டான். எதற்கு என்றே தெரியாமல் பக்கத்தில் திதிக்கு வந்திருந்த பெண்கள் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார்கள். ஒருவன் எழுந்து, "ஊருக்குத் தந்தி குடுத்துட்டு வாரேன், கடையெல்லாம் அடைக்கச் சொல்லணும்" என்று தபாலாபீஸ் பக்கம் ஓடினான்.

அந்தத் தந்தி போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் மன்றத்தில் தீக்குளிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அதில் ஓரிருவர் நிஜமாகவே செய்யக்கூடியவர்கள்.

எழுந்து நின்றேன். "அவனப் பிடிங்கப்பா. யாரும் சாகல. அய்யா நல்லா இருக்காரு. இது மாநாட்டுல குடுத்த பரிசு. நான்தான் அபிராமம் கிளைத் தலைவர்" என்று, நடிகரின் முழுப் பெயரையும் சேர்த்து, தர்ப்பை மாட்டிய கையைத் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினேன். மன்றத்தில் நான் நடத்திய கூட்டங்கள் எதிலும் இவ்வளவு பேர் என் பேச்சைக் கேட்டதில்லை.

தபாலாபீஸுக்கு ஓடியவனைச் சேகு துரத்திப்போய்ப் பிடித்துவிட்டான். ரயில் அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். "உசுரோட இருக்க மனுசனுக்கு எவன்டா சந்தன மாலையப் போட்டது" என்று மாலையைக் கழற்றி, பொட்டை முந்தானையால் அழுத்தித் துடைத்து, "மகராசனா இருக்கட்டும்" என்று படத்தைச் சாயல்குடித் தலைவர் கையில் கொடுத்தார். அவர் அதை எங்களிடம் திருப்பித் தரவேயில்லை.

மாமா எழுந்திருக்கவில்லை. நான் அவர் எதிரில் போய் நின்றேன்.

"அப்ப ரங்கூன் பெரியப்பா?"

"இல்ல மாமா."

"அப்பிடி ஒருத்தரே இல்லையா?"

"இல்ல மாமா."

"யாரும் சாகல."

"யாரும் சாகல மாமா."

துண்டைப் பிழிந்தார். உதறினார். தோளில் போட்டுக்கொண்டார். நான் அடிவிழும் என்று காத்திருந்தேன். அவர் சாஸ்திரி பக்கம் திரும்பினார்.

"ஏஞ்சாமி, சினிமா பாக்கிறதுக்குத் தீட்டு ஒண்ணும் இல்லையே?"

"அதுக்கெல்லாம் ஏது தீட்டு" என்றார் சாஸ்திரி.

"பந்தக்காரனுக்குச் சொல்லியாச்சு. சமையக்காரனுக்குச் சொல்லியாச்சு. ஆவணியிலயே வச்சுக்கிருவோம்" என்றார் மாமா. பிறகு என்னிடம், "ஈரத்தோட நிக்காதிய. சட்டையப் போடுங்க" என்றார்.

திரும்பும்போது பாம்பன் பாலத்தில் சேகு கடலைக் காட்டினான். இரண்டு பக்கமும் நீலமாக இருந்தது. என்னால் ரசிக்க முடியவில்லை. "அய்யாவுக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாரு" என்று மட்டும் அவன் ஒரு தடவை கேட்டான். உயிரோடு இருக்கும் அய்யாவுக்குத் திதி கொடுத்த குற்றத்துக்காக அடுத்த மாதமே எங்கள் இருவரையும் மன்றத்திலிருந்து நீக்கித் தலைமையிலிருந்து தாக்கீது வந்துவிட்டது. சேகு ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் செய்த ஒரே தப்பு உண்மையைச் சொன்னது.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. தாலி கட்டி முடித்து உட்கார்ந்திருந்தபோது வள்ளி என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "ஒங்க பெரியப்பா வந்திருக்காகளா?" என்பது. மாமா வீட்டில் ஒன்றையும் மறைக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் நான் கொண்டுவரும் சாவுச் செய்திக்கு மதிப்பில்லை. மண்டியிலிருந்து வந்து, இன்னார் தவறிவிட்டார் என்று சொன்னால் வள்ளி அடுப்பிலிருந்து கையை எடுக்காமல், "செத்துட்டாகளா, மாநாடா?" என்பாள். வேறு ஆள் வந்து சொன்ன பிறகுதான் அழுகை. மாமாவும் அப்படித்தான். என் வாயால் கேட்ட துக்கத்துக்கு, இன்னொருவரை அனுப்பி விசாரிக்காமல் அவர் ஒரு தடவைகூடக் கிளம்பியதில்லை. பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இது கேட்கச் சங்கடமாக இருக்கும். எங்களுக்கு ஒன்றும் தோன்றாது.

மாமா தவறிய தந்தி மண்டிக்குத்தான் வந்தது. நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வள்ளி முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

அன்றைக்கும் கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் அழுதாள்.