காரண்டி அண்ணாச்சியின் பிடிகயிறு

கோவில்பட்டிச் சீமையில் காரண்டி அண்ணாச்சியின் காரில் ஏறாதவர்கள் உண்டு. அதைத் தள்ளாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூட வாத்தியார் தள்ளியிருக்கிறார். பூசைக்குப் போன பாதிரியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளியிருக்கிறார். தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பெண்கள் ஒரு முறை தூக்குச்சட்டிகளைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டுத் தள்ளினார்கள். கார் கிளம்பிவிட்டது. பாவம், மத்தியானச் சோற்றுக்காக எட்டயபுரம் ரோட்டில் அரை மைல் ஓடினார்கள். மாலையும் கழுத்துமாக ஒரு கல்யாண மாப்பிள்ளை தள்ளியதை நானே பார்த்தேன். பார்த்தேன் என்பது சரியில்லை; பக்கத்தில் நின்று நானும் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது தபால்காரருக்கு மட்டும் தெரியும். பருத்திப் பேட்டையில் சின்னதாக ஒரு கமிஷன் கடை, ஊருக்கு வெளியே கொஞ்சம் கரிசல் புஞ்சை, வீட்டில் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி. இவ்வளவுதான் அவர் சாம்ராஜ்யம். நான் அவர் கடையில் குமாஸ்தா. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதல் கால் வைத்தவன் நான்தான். அண்ணாச்சி என்னைப் பேர் சொல்லி அழைத்ததே இல்லை. “ஏலே எஸ்.எஸ்.எல்.சி.!” என்றுதான் கூப்பிடுவார். பேட்டை முழுக்கக் கேட்கும். எங்கள் அப்பா பக்கத்துத் தெருவில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தால், அந்தக் குரலைக் கேட்டுச் சற்று நிமிர்ந்து நடப்பார்.

ஒரு வருஷம் பருத்தி நல்ல விலைக்குப் போயிற்று. அண்ணாச்சி வில்வண்டியையும் காளைகளையும் விற்றுவிட்டு, கார் வாங்க மதுரைக்குக் கிளம்பினார். இங்கிலீஷில் ஏதாவது எழுதியிருந்தால் படிப்பதற்காக என்னையும் கூட்டிப் போனார்.

கம்பெனியில் கரும்பச்சைக் கார் ஒன்று பளபளவென்று நின்றது. அண்ணாச்சி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். முதுகைத் தடவினார். டயரைக் காலால் தட்டினார். பானெட்டைத் தூக்கச் சொல்லி, காளைக்குப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி உள்ளே எட்டிப் பார்த்தார்.

“சுழி ஒண்ணும் தப்பா இல்லலே” என்று என் காதில் சொன்னார்.

அடுத்து விலை. மாட்டுத்தாவணியில், அதாவது மாட்டுச் சந்தையில், விலையை வாயால் பேசுகிற வழக்கமில்லை. துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். அண்ணாச்சி தோள்துண்டை எடுத்து, டை கட்டியிருந்த மேனேஜரின் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்தார். மேனேஜர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

“கையை விடுங்க சார். கம்பெனி விலை ஒரே விலைதான்.”

“அதை முதல்லயே சொல்லப்பிடாதா? இம்புட்டு நேரம் விரலைக் குடுத்துக்கிட்டு நிக்கீய?”

பணம் கட்டியாயிற்று. மேனேஜர் சாவியை நீட்டினார். அண்ணாச்சி வாங்கவில்லை.

“பிடிகயிறு எங்க?”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றவன், வாங்குகிறவன் கையில் பிடிகயிற்றைத் தன் வலது கையால் கொடுக்க வேண்டும். அப்போதுதான் மாடு கை மாறியதாக அர்த்தம். நாளைக்கு அந்த மாடு ஏரில் படுத்தாலோ, நுகத்தடியில் பின்வாங்கினாலோ, அதே கயிற்றோடு கொண்டுபோய் விற்றவன் வாசலில் கட்டிவிடலாம். அவன் கயிற்றைத் திரும்ப வாங்கியே தீரவேண்டும்.

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். “அதுக்குத்தான் சார் நாங்க ஒரு வருஷம் காரண்டி எழுதித் தர்றோம்!”

“அது கடுதாசி, மேனேஜர் தம்பி. கயிறு இல்லாம நான் வண்டியைத் தொட மாட்டேன்.”

கடைசியில், சாமான் பெட்டி கட்டி வந்த சணல் கயிறு ஒன்றை முன் பம்பரில் கட்டி, சிரித்தபடியே மறுமுனையை அண்ணாச்சி கையில் கொடுத்தார் மேனேஜர்.

“பாத்துக்கிட்டயாலே? வலது கை” என்றார் அண்ணாச்சி என்னிடம்.

அந்த ஒரு வருஷமும் ராஜ வாழ்க்கை. காரண்டிக் கடுதாசியைக் கண்ணாடி போட்டு, சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். எதற்கெடுத்தாலும் “காரண்டி இருக்குல்லா!” என்பார். பெயர் ஒட்டிக்கொண்டது. தங்கச்சி மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்திலும், “பையனுக்கு எத்தனை வருசம் காரண்டி?” என்று கேட்டார். பையனின் அப்பா அசரவில்லை. “ஆயுசுக்கும்” என்றார். “அப்ப பரவாயில்லை. மதுரைக்காரன் ஒரு வருசம்தான் குடுத்தான்” என்று அங்கேயே தாம்பூலத் தட்டை மாற்றிவிட்டார்.

மேடு ஏறும்போது கியர் மாற்றுவதைவிட, நாக்கைத் தட்டி “த்தா, த்தா, ஹை!” என்று அதட்டுவதில்தான் அவருக்கு நம்பிக்கை அதிகம். மாட்டுப் பொங்கலுக்குக் காருக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஹெட்லைட் இரண்டிலும் மாலை போட்டார். கார் ஒரு குறையும் வைக்காமல் ஓடியது.

காரண்டி ஒரு திங்கட்கிழமை முடிந்தது. செவ்வாய்க்கிழமை காலை கார் இருமியது.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் கார் வைத்திருக்கிற வாசகர்கள் கண்ணீர் விடுவார்கள். முதலில் டைனமோ. மேனேஜர் உதட்டைப் பிதுக்கி, “மாத்தணும் சார். காரண்டி முடிஞ்சு போச்சே” என்றார். அதற்குத் தெற்குப் புஞ்சை போனது. பிறகு கிளட்சு. “முடிஞ்சு போச்சே சார்.” மதினியின் காசுமாலை போனது. பிறகு ரேடியேட்டர். கறவை எருமை போனது. ஒவ்வொரு முறையும் அந்த மேனேஜர், இழவு வீட்டில் துக்கம் கேட்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டுதான் சொல்வார்.

அண்ணாச்சி மட்டும் கலங்கவில்லை. காரில் ஏறுகிறவர்களிடம், “காலைப் பாத்து வைங்க. உங்களுக்குக் கீழதான் உங்க மதினியோட காசுமாலை கிடக்கு” என்பார். முன்னால் ஆவி கிளம்பினால், “எருமை தண்ணி கேக்குது, இறங்குங்க” என்பார். மதினிதான் வாசலில் நின்று என்னிடம் கேட்பார்:

“ஏய்யா எஸ்.எஸ்.எல்.சி., நாலு கால் மாடு இருந்தப்போ என்னைக்காவது நாம அதைத் தள்ளுனோமா?”

படித்தவன் என்ற முறையில் நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு காரைத் தள்ளப் போவேன்.

கடைசியில் கியர்பாக்ஸ். கம்பெனியில் அதைத் திறந்து, ஏதோ செய்து, மூடி, பில்லும் கொடுத்து அனுப்பினார்கள். ஊர் வரைக்கும் வந்துவிட்டோம். வீட்டு வாசலில் காரைத் திருப்பி நிறுத்த அண்ணாச்சி ரிவர்ஸ் போட்டார். போட்டது போட்டதுதான். அதற்கப்புறம் அந்தக் கார் முன்னால் போக மறுத்துவிட்டது. எந்தக் கியரில் தள்ளினாலும் பின்னால்தான் போயிற்று.

நான் தபாலாபீசுக்குப் போய் மதுரைக்கு ட்ரங்க் கால் போட்டேன். அண்ணாச்சி பக்கத்தில் நின்றார்.

“கியர்பாக்ஸ் முழுசா மாத்தணும்” என்றார் மேனேஜர்.

“சார், இப்பத்தான் நீங்களே திறந்து மூடினீங்க?”

“திறந்தது நாங்கதான் தம்பி. ஆனா காரண்டி முடிஞ்சு போச்சே. செலவு பண்ண முடியலேன்னா, பழைய இரும்பு விலைக்கு நாங்களே எடுத்துக்கறோம்னு சொல்லுங்க.”

சொன்னேன். அண்ணாச்சி தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார். புதுக் கியர்பாக்ஸ் வாங்க வேண்டுமானால் விற்பதற்கு மிச்சமிருந்தது ஓடைக்கரைப் புஞ்சை ஒன்றுதான். மழை பொய்த்த வருஷத்திலும் வெள்ளை வெள்ளையாகப் பருத்தி வெடிக்கிற நிலம். அது போனால் சொந்தமென்று ஒரு பிடி மண் மிஞ்சாது. அதற்கு ஆள்கூட வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தான்.

மதினி விஷயத்தைக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: “ஓடைக்கரையை வித்தீயன்னா, நான் நாகலாபுரத்துக்கு எங்க அப்பா வீட்டுக்குப் போயிருதேன். நடந்தே போயிருதேன். உங்க கார்ல ஏறினா எதுத்த திசையிலதானே போவும்!”

அண்ணாச்சி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். மதினிக்குப் பொறுக்கவில்லை. முணுமுணுத்தார்: “மாடா இருந்தாலும் வித்தவன் வாசல்ல கொண்டு கட்டிருக்கலாம். காராப் போச்சே.”

அண்ணாச்சி விருட்டென்று எழுந்தார்.

“ஏட்டி, அந்தக் கயிறு எங்கன இருக்கு?”

தெய்வமும் எங்கள் பக்கம்தான் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமையே மதுரைக் கம்பெனி எங்கள் ஊர் மெயின் ரோட்டில் கிளை திறந்தது. வாழைமரம், மேளம், காப்பி, பூந்தி. சுற்று வட்டாரத்தில் நிலபுலமுள்ள பெரிய சம்சாரிகளும் பருத்தி வியாபாரிகளும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கார் வாங்கக்கூடியவர்கள். நடுவில் புத்தம் புதுக் கார் ஒன்று மாலையோடு நின்றது. மேனேஜர் அதன் அருமை பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அண்ணாச்சியின் கார் ஊர்வலம் புறப்பட்டது. பின்பக்கமாக. அண்ணாச்சி கழுத்தைத் திருப்பி ஓட்ட, நான் பின்னால், அதாவது முன்னால், ஓடிக்கொண்டே, “இடது அண்ணாச்சி! வலது அண்ணாச்சி! குதிரை வண்டி அண்ணாச்சி!” என்று கத்தினேன். காரின் முகம் வருவதா போவதா என்று புரியாமல் போலீஸ்காரர் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் நீட்டிவிட்டு, அப்புறம் இரண்டையும் இறக்கிக்கொண்டார். எங்களுக்குப் பின்னால் பாதி ஊர் வந்தது. எல்லோரும் என்றோ ஒரு நாள் அந்தக் காரைத் தள்ளியவர்கள். வழக்கில் அவர்களுக்கும் பாத்தியதை உண்டு.

கிளையின் வாசலில் கார் நின்றது. அண்ணாச்சி இறங்கினார். பழைய சணல் கயிற்றை எடுத்துப் பம்பரில் கட்டி, மறுமுனையை வாசல் தூணில் கட்டினார். மாட்டுக்குத் தீனியாக மதினி கொடுத்தனுப்பிய சோளத்தட்டைக் கட்டையும் ஒரு சட்டிப் பருத்திக்கொட்டையையும் காரின் முன்னால் வைத்தார். மேளம் தானாக நின்றது.

“என்ன சார் இது?” என்றார் மேனேஜர்.

“மாடு பின்வாங்குது, தம்பி. கயித்த வாங்கிக்கிடுங்க.”

“காரண்டிதான் முடிஞ்சு போச்சே, சார்!”

“கடுதாசி முடிஞ்சுது. கயிறு முடியல. உங்க ஆளுக திறந்து மூடின பிறகுதான் பின்வாங்குது. நான் கேக்குதது ஒண்ணுதான். வலது கையாலே குடுத்தீயளா, இல்லையா?”

மேனேஜர் சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. நாற்காலியில் இருந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கயிறு என்னவென்று தெரியும். மீசை நரைத்த பெரிய சம்சாரி ஒருவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“குடுத்தீயளா தம்பி?”

“அது... சும்மா விளையாட்டுக்கு...”

“கயித்துல என்ன விளையாட்டு?” என்றார் அவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “திருப்பிக் கட்டின மாட்டை வாங்காதவன் தொழுவத்துல எவன் மாடு பிடிப்பான்? வாங்கய்யா போவோம்.”

நாற்காலிகள் வரிசையாகக் கிறீச்சிட்டன. மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. “வாட் இஸ் திஸ்?” என்று என் பக்கம் திரும்பினார். நான் எனக்குத் தெரிந்த அத்தனை இங்கிலீஷையும் திரட்டி நிலைமையை எடுத்துச் சொன்னேன். மாட்டுத்தாவணிச் சட்டத்தை இங்கிலீஷில் வாதாடிய முதல் எஸ்.எஸ்.எல்.சி. நானாகத்தான் இருக்க வேண்டும். முடிவாக, “சார், கயிற்றை வாங்கினால் இவர்கள் உட்காருவார்கள்” என்றேன்.

மேனேஜர் கயிற்றைப் பார்த்தார். வாசலைத் தாண்டப்போகும் சம்சாரிகளைப் பார்த்தார். மெதுவாக வலது கையை நீட்டினார்.

ஊர் போட்ட சத்தத்தில் மேளக்காரரும் தன்னை மறந்து கெட்டிமேளம் அடித்துவிட்டார்.

அண்ணாச்சிக்குப் பணம் திரும்ப வேண்டாம்; காரைச் சரியாக்கித் தந்தால் போதும். ஆனால் புதுக் கியர்பாக்ஸுக்கு எங்கே போவது? “அதான் நிக்கே” என்று அண்ணாச்சி மாலை போட்ட புதுக் காரைக் காட்டினார். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். மெக்கானிக்குகள் அதன் வயிற்றிலிருந்து எடுத்து, எங்கள் கார் வயிற்றில் வைத்தார்கள். பைசாச் செலவில்லை. அது முடிகிறவரை ஒரு சம்சாரியும் நகரவில்லை. பூந்தி இரண்டு முறை தீர்ந்தது.

வேலை முடிந்ததும் மேனேஜர் கயிற்றை மறுபடியும் அண்ணாச்சி கையில் கொடுத்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்து, “கயித்த வாங்கிக் குடுத்துட்டாரு. நல்ல தொழுவம். இனி தைரியமா வாங்கலாம்” என்று சான்று கொடுத்தார். நரைத்த மீசைக்காரர் அங்கேயே ஒரு காருக்கு முன்பணம் கட்டிவிட்டுக் கேட்டார்: “பிடிகயிறு எங்க?” மேனேஜர் கடைவீதிக்கு ஆள் அனுப்பினார்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. குடல் எடுத்த புதுக் கார் நடுவில் வழியை மறித்துக்கொண்டு நின்றதல்லவா? அதை ஓரமாகத் தள்ளியவர்களில் டையைத் தோளுக்குப் பின்னால் வீசிக்கொண்டு முன்னால் நின்றவர் மேனேஜர்தான்.

வீட்டுக்குப் போகும்போது அண்ணாச்சி வேண்டுமென்றே மெயின் ரோட்டை இரண்டு முறை சுற்றினார். முன்பக்கமாக. மதினி வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றார். காருக்குச் சுற்றினாரா, ஓடைக்கரைப் புஞ்சைக்குச் சுற்றினாரா என்று நான் கேட்கவில்லை.

மறு வருஷம் எனக்குச் சென்னையில் சர்க்கார் ஆபீசில் வேலை கிடைத்தது. அண்ணாச்சிதான் காரில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டார். விட்டார் என்பதும் சரியில்லை. கியர்பாக்ஸ் புதிதென்றாலும் மற்றதெல்லாம் பழசுதானே! ரயில்வே கேட் அருகில் கார் நின்றுவிட்டது. என்னை வழியனுப்ப வந்த காரை, புதுச் சட்டையோடு நானும் எங்கள் அப்பாவும் ஸ்டேஷன் வரை தள்ளிக்கொண்டு போனோம்.

ரயிலில் என் படுக்கையை ஏற்றும்போதுதான் கவனித்தேன். அதைக் கட்டியிருந்தது அந்தச் சணல் கயிறு.

“அண்ணாச்சி, இது உங்க கயிறு...”

“இருக்கட்டும்லே.” வண்டி நகர்ந்தது. அவர் கூடவே நடந்தார். அப்புறம் ஓடினார். “மெட்ராசு ஒத்துவரலேன்னா யோசிக்காதே. அந்தக் கயித்தோட இங்கன வந்துரு. உனக்கு வருசக் கணக்கெல்லாம் கிடையாதுலே, எஸ்.எஸ்.எல்.சி.!”