நாலு ஓம்ஸ் சிங்காரம்

அலசல் ஆசாமிகள் என்று ஓர் இனம் உண்டு. இவர்கள் எதையும் வாங்க மாட்டார்கள், வாங்கப் போகிறார்கள். எப்போது கேட்டாலும் வாங்கப் போகிறார்கள். பழவேற்காட்டு ஏரிக்கரையில் இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒன்றைப் பார்க்க வேண்டுமா? சிங்காரத்தின் வீட்டுக்கு வாருங்கள்.

கூடத்து மூலையில் கறுப்பாக, மேலே துவைத்த துணி மடித்து வைத்திருக்கிறதே, அது ஸ்டூல் அல்ல. சப்வூஃபர், அதாவது தரையை அதிரவைக்கும் ஸ்பீக்கர் பெட்டி. மகள் நிவேதா எட்டாவது படிக்கும்போது, "தியேட்டர் மாதிரி தரை அதிர்ற சத்தத்துல நம்ம ஊட்லயே ஒரு படம் பாக்கணும் நைனா" என்று கேட்க, சிங்காரம் அந்த வாரமே சென்னைக்குப் போய்த் தூக்கி வந்தது. அதைப் பேசவைக்க ஓர் ஆம்ப்ளிஃபையர் வேண்டும். அதை மட்டும் நன்றாக விசாரித்து வாங்கலாம் என்றார். விசாரணை தொடங்கி ஒன்பது வருஷமாகிறது.

வாட்ஸ் போதுமா, பெட்டியின் நாலு ஓம்ஸ் மின்தடைக்கு அது ஈடுகொடுக்குமா, உப்புக்காற்றில் உள்ளிருக்கும் போர்டு பச்சை பூத்துவிடுமா, சாயங்காலம் கரண்ட் மங்கினால் என்ன ஆகும் என்று மீஞ்சூர்க் கடைக்காரர்களை எல்லாம் குடைந்து, இந்தி தெரியாமலே இந்தி வீடியோக்களைப் பார்த்து, இதுதான் என்று முடிவுகட்டிக் கடை வாசல்வரை போய், "அடுத்த மாசம் புது மாடல் வருதாம்" என்று திரும்பிவிடுவார். எத்தனை தடவை? கடைக்காரரே எண்ணுவதை விட்டுவிட்டார்.

இத்தனைக்கும், ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கும்போது, விழுந்த இடத்துக்கு மறுபேச்சில்லாமல் படகைத் தள்ளுகிறவர் இதே சிங்காரம்தான். அதனால், மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மனைவி லோகநாயகி மூன்று ஆம்ப்ளிஃபையர் பெயர்களைச் சீட்டில் எழுதி, சொம்பில் போட்டுக் குலுக்கி நீட்டினாள்.

"ஒன்னு எடுய்யா. எது வருதோ அத்த வாங்கினு வா. பொண்ணு போறதுக்குள்ள ஒரு படம் பாத்துடலாம்."

"மீனு வேற, ஓம்ஸ் வேற. தப்பா மாட்டினா பொட்டிக்குள்ள காயில் கம்பி கருகிடும்."

"கருகட்டும். இத்தினி வருசமா அது இன்னா பேசிகினா இருந்துச்சு?"

எடுத்தார். பிரித்தார். படித்தார். "இதுல இன்னும் ஒன்னே ஒன்னு பாக்கணும்" என்றார்.

"பரவால்ல நைனா" என்று சிரித்தாள் நிவேதா. அந்தப் 'பரவால்ல' அவருக்குச் சுருக்கென்று தைத்தது. நாளைக்கே வாங்கிவிடுவது என்று உறுதிகொண்டார். ஆனால் மறுநாள், ஒப்பிட்டுப் பார்க்க நாலாவதாக ஒன்று கிடைத்துவிட்டது.

கல்யாணம் முடிந்தது. ஸ்பீக்கர் பெட்டியும் சீர்வரிசையோடு மாப்பிள்ளை ஊரான சுண்ணாம்புக்குளம் போயிற்று. மாப்பிள்ளை ஹேமந்த் ஒரே மத்தியானத்தில் ஏதோ ஓர் ஆம்ப்ளிஃபையரை வாங்கி வந்து மாட்டிவிட்டார். சிங்காரம் மகளைப் பார்க்கப் போன அன்று படம் ஓடிக்கொண்டிருந்தது. தரை அதிர்ந்தது. புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிவேதா, நகர்ந்து நைனாவுக்கு இடம் விட்டாள். ஒன்பது வருஷமாக அவர் மகளுக்குக் காட்ட நினைத்த சத்தம். கண் கலங்கிவிட்டது. அப்புறம் என்ன சொன்னார் தெரியுமா?

"இன்னா மாப்ள, இது எத்தினி ஓம்ஸ்?"

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் மாப்பிள்ளை வாங்கியது எந்த மாடல் என்று இங்கே சொல்லவில்லையே என்று ஒரு நொடி உங்களுக்குத் தோன்றியதா? அப்படியென்றால் நீங்களும் அந்த இனம்தான்; எழுந்து போய், உங்கள் வீட்டில் யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "பரவால்ல" என்று பதில் வந்தால், விஷயம் முற்றிவிட்டது.