வில்லரேயில் உலகப்போர் நடத்திய ரீச்சர்

ஹிட்லரைத் தோற்கடித்தது ரஷ்யாவா, அமெரிக்காவா என்று படித்தவர்கள் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. தோற்கடித்தது எங்கள் உலகப்போர் ரீச்சர்தான். மொன்றியலில், வில்லரேயில், ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்வீட்டில் வைத்து, வாரத்தில் ஐந்து நாள், காலை ஏழரையிலிருந்து மாலை ஐந்தரை வரை அந்தப் போர் நடந்தது. அவரிடம் இருந்த படை ஐந்து குழந்தைகள். அதில் மூன்று பேர் நப்பி கட்டியிருந்தார்கள்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் சரித்திரம் படிப்பித்தவர். பாடத்திட்டத்தில் அசோகர் இருந்தார், போர்த்துக்கேயர் இருந்தார்கள், பிரெஞ்சுப் புரட்சி இருந்தது. அவர்கள் எல்லோரையும் ஒரே தவணைக்குள் ஓட்டி முடித்துவிட்டு, மீதி இரண்டு தவணையும் இரண்டாம் உலகப்போரையே படிப்பித்தாராம். காரணங்கள், நடந்த விதம், விளைவுகள் என்று மூன்று தலைப்பு. ஓய்வுபெற்றுக் கனடாவுக்கு வந்தார். வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கார்டெரி ஒன்றைத் தொடங்கினார். தலைப்புகள் மூன்றும் கூடவே வந்துவிட்டன.

2004ஆம் ஆண்டு தை மாதம் நான் அவரிடம் முதல் முறை போனேன். கையில் இரண்டு பக்கத்துக்குக் கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். நான் அப்படித்தான். குழந்தை தும்மினாலும் பயம், தும்மாவிட்டால் ஏன் தும்மவில்லை என்று பயம். ஆனால் அப்போது எனக்கு உண்மையான பயம் ஒன்று இருந்தது. என் மகள் அபிக்கு இரண்டு வயதும் ஒன்பது மாதமும் ஆகியும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. அம்மா என்றும் சொல்லவில்லை. காதைப் பரிசோதித்துப் பார்த்தாயிற்று, நன்றாகக் கேட்கிறது. சித்திரை மாதம் பேச்சு நிபுணர் ஒருவரிடம் காட்ட நாள் குறித்துத் தந்திருந்தார்கள். அதற்குள் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்கிறாளா என்று பாருங்கள் என்றார் டொக்டர். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அபி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரீச்சரிடம் என் பட்டியலில் இருந்து முதல் கேள்வியைக் கேட்டேன். "இங்க பிள்ளையளுக்குள்ள சண்டை வாறதோ ரீச்சர்?"

மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "சண்டை வராத இடம் உலகத்தில எங்க இருக்குப் பிள்ளை? ஆனா என்ர வீட்டில சண்டை வந்தா, ஏன் வந்தது எண்டு எழுதி வைப்பன்."

உண்மையாகவே எழுதிவைத்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி. மாலையில் கூட்டிப்போக வரும் தாயின் கையில் அது தரப்படும். அபியின் கொப்பியில் இருந்த முதல் குறிப்பு இது: "உடனடிக் காரணம்: சிவப்பு லொறி. அடிப்படைக் காரணம்: காலையிலிருந்தே மனத்தாங்கல். நடந்த விதம்: கடி, ஒன்று. விளைவுகள்: இரு தரப்புக்கும் வாழைப்பழம்."

யார் யாரைக் கடித்தது என்று கேட்டேன். "அது முக்கியமில்லை. அடிப்படைக் காரணத்தை வாசியும்" என்றார்.

குளிர்காலத்தில் அந்த வீட்டுக்குக் காலை நேரத்தில் போய்ப் பார்க்கவேண்டும். ஐந்து குழந்தைகளுக்குப் பனி உடுப்புப் போடுவது ஒரு மணி நேர வேலை. ஐந்தாவதுக்குப் போட்டு முடிக்கும்போது முதலாவது கழற்றிவிடும். ரீச்சர் வாசல் நடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு பிரசங்கம் செய்வார். "ஜேர்மன்காரன் ரஷ்யாவுக்குப் போனவன். எத்தினை டாங்கி, எத்தினை பிளேன்! என்னத்தை மறந்தவன்?"

"கையுறை!" என்று நாலு குரல் வரும். அபியின் குரல் மட்டும் வராது. ஆனால் அவள் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுவாள்.

ஒருநாள் அவசரத்தில் ஒற்றைக் கையுறையோடு அனுப்பிவிட்டேன். வகுப்பில் இருந்த என்னைத் தொலைபேசியில் அழைப்பித்தார். வகுப்பென்றால், புதிதாக வந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பு. ஓடிப்போய் எடுத்தேன். "பதறாதையும். ஒண்டுமில்லை. உம்மட மகள் மொஸ்கோவுக்குப் போறவன் மாதிரி வந்திருக்கிறா. நாளைக்கு ரெண்டு சோடி குடுத்துவிடும்" என்று வைத்துவிட்டார்.

எதையாவது தொலைத்தால், கொட்டினால், உடைத்தால் அவருக்கென்று போரின் வரிசை ஒன்று இருந்தது. பால் கொட்டினால் கையை விரித்து, "போலந்து போச்சு" என்பார். அதைத் துடைக்கப் போகையில் சோற்றுக் கோப்பையும் விழுந்தால், "பிரான்ஸும் போச்சு." அதற்குமேல் ஏதும் உடைந்தால் லண்டனில் குண்டு விழத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் எல்லோரையும் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடுவார்.

சாப்பாட்டு நேரம் விளைவுகளுக்கு உரியது. ஒரு முறை நான் கொஞ்சம் நேரத்தோடு வந்துவிட்டேன். கோதுமை மாப் புட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். "இந்தப் புட்டு எப்பிடி வந்தது தெரியுமோ? பர்மாவை யப்பான்காரன் பிடிச்சவன். அரிசிக் கப்பல் நிண்டு போச்சு. சனத்துக்குக் கூப்பன் குடுத்தாங்கள். அரிசி காணாது எண்டு கோதுமை மாவையும் பாணையும் தின்னப் பழகினம். போர் முடிஞ்சுது, புட்டு முடியேல்லை. ஆவெண்டு வாயைத் திற ராசாத்தி."

அன்றைக்குத்தான் நான் மனதுக்குள் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "ரீச்சர், நான் வீட்டில நிண்டிருந்தா அபி கதைச்சிருப்பாவோ? இவவை விட்டிட்டு வகுப்புக்குப் போறது பிழையோ?"

"உம்மை வகுப்புக்கு அனுப்பினது ஆர் தெரியுமோ? உலகப்போர்" என்றார். "ஆம்பிளையள் சண்டைக்குப் போட்டினம். குண்டு செய்யிற பக்டரிக்கு ஆர் போனது? தாய்மார். அப்ப பிள்ளையளை ஆர் பாக்கிறது? இந்த ஊரிலையே கார்டெரி திறந்தவை. போர் முடிஞ்ச உடன எல்லாத்தையும் பூட்டிப்போட்டு, இனி வீட்டுக்குப் போங்கோ எண்டு சொன்னவை. பேந்து திருப்பித் திறக்க எத்தினை வருசம் பொம்பிளையள் சண்டை பிடிச்சவை! நீர் என்னடாவெண்டா வாசல்ல நிண்டு அழுறீர். போம், போய் வினைச்சொல்லைப் பாடமாக்கும்."

நான் அழுதுகொண்டே போய்ப் பாடமாக்கினேன்.

மற்றத் தாய்மாரும் சும்மா இருக்கவில்லை. என்னைப்போலவே பிள்ளையைக் கூட்டிப்போக வரும் சென்னைப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளும் கணவனும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஒருநாள் வாசலில் என்னை ஓரமாக இழுத்தாள். "ஏங்க, நேத்து என் பொண்ணு ஃபிரிட்ஜைத் திறந்து வெச்சுக்கிட்டு 'ஸ்டாலின்கிராட், ஸ்டாலின்கிராட்'ங்கிறா. எங்க வீட்டுக்காரர் பயந்துட்டாரு. சின்னக் குழந்தைங்களுக்கு எதுக்குங்க யுத்தமெல்லாம்? நாம ரெண்டு பேருமா சேர்ந்து சொல்லலாமா?"

தலையாட்டினேன். ஆனால் எனக்கு வந்தது பயமில்லை, பொறாமை. அவளுடைய மகள் ஸ்டாலின்கிராட் என்று சொல்கிறாள். என் மகளுக்கு அம்மா வரவில்லை.

மாசி மாதம் யாரோ ஒருவர் என் கணவரிடம் சொன்னார்: மூன்று மொழி கேட்பதால்தான் பிள்ளை குழம்பியிருக்கிறது, வீட்டில் தமிழை நிறுத்துங்கள், பிரெஞ்சு மட்டும் பேசுங்கள். லவாலில் தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கணவருக்கு அங்கே தேவைப்பட்ட பிரெஞ்சு, ஆணி வகைகளும் வணக்கமும். எனக்குத் தெரிந்தது பாடப்புத்தகத்தில் ஏழாம் பாடம் வரை.

"இஞ்ச பாரும், பிள்ளைக்காக எண்டால் செய்யத்தானே வேணும்" என்றார். நானும் சரி என்றேன். சரியா என்று இரவெல்லாம் யோசித்துவிட்டுத்தான் சரி என்றேன். மூன்று நாள் எங்கள் வீட்டில் பிரெஞ்சு மட்டும். அதாவது மூன்று நாள் எங்கள் வீட்டில் ஒருவரும் பேசவில்லை. முன்பு பேசாதது ஒரு ஆள், இப்போது மூன்று பேர். கறிக்கு உப்புப் போதாது என்று சொல்ல என் கணவர் எழுந்து நின்று நடித்துக்காட்டினார்.

நாலாம் நாள் ரீச்சரிடம் போய், "இனி அபியோட பிரெஞ்சில மட்டும் கதைக்க ஏலுமோ ரீச்சர்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு ரெண்டு சொல்லு. பொன்ஜூர், மெர்சி. இந்த ரெண்டையும் வச்சுக்கொண்டு நான் எப்பிடி நோர்மண்டியில இறங்கிறது?"

"பகிடி விடாதையுங்கோ ரீச்சர். எனக்குப் பயமா இருக்கு."

அவர் பகிடியை நிறுத்தினார். "நேச நாட்டுக்காரர் ஒரே நாளில கரையில இறங்கினவை எண்டு நினைக்கிறீரோ? அதுக்கு முதல் எவ்வளவு காலம் ஆயத்தம் செய்தவை! வெளியில பாத்தவைக்கு ஒண்டும் நடக்காத மாதிரித்தான் இருந்திருக்கும். உம்மட பிள்ளை ஆயத்தம் செய்யிறா. கண்ணைப் பாரும். நான் சொல்லுற ஒரு சொல்லையும் அவ கீழ விடுறேல்லை. நீர் வீட்டில தமிழைக் கதையும். கறிக்கு உப்புக் காணாட்டித் தமிழிலயே சண்டை பிடியும்."

நான் அவரை நம்பவில்லை. நம்ப ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். ஒரு சரித்திர ரீச்சர் சொல்வதைக் கேட்டுப் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்கிறேனோ என்று யோசித்துக்கொண்டே வீட்டில் தமிழுக்குத் திரும்பினேன்.

சித்திரையில் அந்த நாள் வந்தது. பேச்சு நிபுணர் இளம் பெண். தரையில் அபிக்கு எதிரே சப்பணம் கட்டி உட்கார்ந்தார். பொம்மை காட்டினார், நாய்போலக் குரைத்தார், சோப்புக் குமிழி ஊதினார். அபி மரியாதையாக எல்லாவற்றையும் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அரைமணி நேரம். நிபுணரின் தாளில் கட்டங்கள் வெறுமையாகவே இருந்தன.

கடைசியாக மரக்கட்டைகளை எடுத்துக் கொடுத்தார். அபி ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது கட்டைகள் அடுக்கினாள். பத்தாவதை வைக்கும்போது எல்லாம் சரிந்தது. அவள் இரண்டு கைகளையும் விரித்து, முப்பது வருடம் படிப்பித்துக் களைத்தவள்போல ஒரு பெருமூச்சு விட்டாள்.

"போலந்து போச்சு."

உருண்டுபோன கட்டையைப் பிடிக்கத் திரும்பியவளின் முழங்கை பட்டு, பொம்மைப் பெட்டியும் கவிழ்ந்தது. அபி அதையும் பார்த்தாள்.

"பிரான்ஸும் போச்சு."

நிபுணர் துள்ளி நிமிர்ந்தார். அவருக்கு ஒரு சொல் விளங்கிவிட்டது. "ஃபிரான்ஸ்? பிரான்ஸ் என்றா சொன்னாள்? என்ன சொல்கிறாள் மதாம்?"

என் ஏழு பாடங்களையும் திரட்டினேன். "லா பொலோன் எ பார்தி" என்றேன். போலந்து போய்விட்டது. "லா ஃபிரான்ஸ் ஓசி." பிரான்ஸும்தான்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எங்கே போய்விட்டன என்று கேட்டார். அழுகையும் சிரிப்புமாக, பாதி ஆங்கிலத்தில், ரீச்சரைப் பற்றியும் கொட்டிய பாலைப் பற்றியும் சொல்லி முடித்தேன். அவருக்குச் சிரிப்பில் கண் கலங்கிவிட்டது. பிறகு தாளை எடுத்துக்கொண்டு, "முதல் தடவை சொன்னதற்கும் இரண்டாவது தடவைக்கும் நடுவில் ஒரு சத்தம் வித்தியாசம் இருந்ததே, அது என்ன?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். "பிரான்ஸும் என்பதில் வருகிற 'உம்'," என்றேன். "எங்கள் மொழியில் அதற்கு 'இதுவும்கூட' என்று அர்த்தம்."

"அப்படியென்றால் இரண்டு சொல்லைச் சேர்த்திருக்கிறாள். சரியான இடத்தில் சொல்லியிருக்கிறாள். முதலாவது போனதை ஞாபகம் வைத்து இரண்டாவதற்கு இலக்கணமும் போட்டிருக்கிறாள்." கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பினார். "இந்த மொழியிலேயே பேசுங்கள் மதாம். நிறையப் பேசுங்கள். ஆறு மாதம் கழித்து வாருங்கள். நான் பயப்படவில்லை."

நான் பயப்படவில்லை! அந்த வசனத்தைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டலாம்போல இருந்தது. திரும்பும் வழியில் மெத்ரோவில் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் பொன்ஜூர் சொன்னேன்.

ரீச்சர் கதவைத் திறந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"போலந்துதானே முதல் சொன்னவ? வரிசை பிழைக்கேல்லையே?"

"இல்லை ரீச்சர்."

"அப்ப சரி." குசினிக்குள் போனார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் உள்ளேயே நின்றார். திரும்பி வந்தபோது கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத் துணிந்து கேட்டேன். "ஏன் ரீச்சர் எப்பவும் அந்தச் சண்டையையே சொல்லுறீங்கள்? எங்கட ஊரிலயும்தானே நடந்தது."

"பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில ஷெல் விழேக்கையும் நான் இதைத்தான் படிப்பிச்சனான்" என்றார். "எங்கட சண்டைக்குக் காரணம் எழுதலாம். விளைவு எழுத ஏலாது, இப்ப சமாதானம் எண்டினம், எவ்வளவு நாளைக்கோ தெரியாது. இது அப்பிடியில்லை. நாப்பத்தஞ்சில முடிஞ்சுது. கீழ ஒரு கோடு கீறிப்போட்டுப் பிள்ளையளை விளையாட விடலாம்."

முதல் தடவையாக என்னிடம் கேள்விப் பட்டியல் இல்லை.

அடுத்த வருடம் ரீச்சர் மகனோடு ரொறொன்ரோவுக்குப் போய்விட்டார். அபிக்கு இப்போது ஐந்து வயது. தமிழில் தொடங்கி, பிரெஞ்சில் திரும்பி, ஆங்கிலத்தில் முடிப்பாள். வாய் ஓய்வதில்லை, சில நேரம் காதைப் பொத்திக்கொள்கிறேன், பிறகு அப்படிச் செய்தேனே என்று வருந்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ரீச்சருக்கு அவளே நம்பரை அழுத்துவாள். பள்ளிக்கூடம், விழுந்த பல், யாரோ ஒருத்தியின் பூனை என்று அரைமணி நேரம் விடாமல் சொல்வாள். மறுமுனையில் ஒரு சத்தமும் இருக்காது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போன வாரம் ரிசீவரை வாங்கி, "ரீச்சர், இருக்கிறீங்களோ?" என்றேன்.

"இருக்கிறன், இருக்கிறன். பிள்ளையிட்டக் குடும்" என்றார்.

முப்பது வருடம் வகுப்பில் ஒருவரையும் வாய் திறக்க விடாத மனுஷி. என் மகள் சொல்லி முடிக்கும்வரை காத்துக்கொண்டிருக்கிறார்.